பூக்கட்டும் கையும் உட்கார்ந்த தொடையும்: கும்பகோணம் பக்கத்து வீடொன்றில் உட்காரும் நேரத்தை அளந்து குறைத்த நிகழ்வு ஆய்வு

கைக்கடிகாரம் அன்றைக்கு 8,300 அடி நடந்ததாகக் காட்டியது. அதே நாளில் தொடையில் கட்டியிருந்த சென்சார் 4,900 என்றது. நடுவில் நின்ற 3,400 அடியும் திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்த நேரத்தில் விழுந்தவை. நாரைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, இழுத்து, அடுத்த பூவை வைக்கும் கை ஒரே தாளத்தில் போய்வரும். மணிக்கட்டுக் கருவிக்கு அது நடையில் வீசும் கைபோலத்தான் தெரியும். இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு நிஜமாகவே நடக்கும்போது கை அசையாது, அதைக் கருவி விட்டுவிடும்.

இந்த ஆய்வில் வரும் பெண்மணி தனியொருவர் அல்ல. கும்பகோணம், திருபுவனம் பக்கத்து வீடுகளுக்கு இயல்பான நிலைமைகளைச் சேர்த்து, கணக்கு விளங்கும்படி கட்டிய மாதிரி நிகழ்வு இது. அவருக்குரிய எண்களை அந்த அளவில் எடுத்துக்கொள்ளவும். பிற ஆய்வுகளின் எண்கள் வருமிடத்தில் ஆண்டோடு குறித்திருக்கிறோம்.

ஆள், வீடு, நாள்

வயது 71. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலது கூடுதல். மகன் குடும்பத்தோடு இருக்கிறார். எழுவது காலை 4:45, படுப்பது இரவு 9:15. விழித்திருக்கும் நேரம் 990 நிமிடம். காலையும் பிற்பகலும் கோயில் வாசல் பூக்கடைக்குச் சரம் தொடுத்துக் கொடுக்கிறார். வியாழன் மாலையும் முகூர்த்த நாளுக்கு முந்தைய நாளும் வேலை இரட்டிக்கும்.

அவரைக் கேட்டால் "எங்க உக்காருறேன், நாள் பூரா ஓடிக்கிட்டுதானே இருக்கேன்" என்பார். பொய்யில்லை. கை ஓய்வதில்லை என்பதால் உட்கார்ந்திருப்பதே கணக்கில் வருவதில்லை. முதியோர் பற்றிய ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்ததில், வாயால் சொன்ன உட்காரும் நேரம் நாளுக்கு 5 மணியைச் சற்றுத் தாண்டியும், கருவி காட்டியது 9 மணிக்கு மேலும் இருந்தன. ஆகவே கேள்வித்தாளை முதல் நாளே ஒதுக்கிவிட்டோம்.

இங்கே ஒரு வரையறை தேவை. விழித்திருக்கையில் உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ இருந்து, உடல் செலவிடும் ஆற்றல் ஓய்வு நிலையைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டாமல் இருந்தால்தான் அது 'அசைவற்ற நேரம்'. திருபுவனத்தில் குழித்தறியில் காலால் மிதித்து நெய்பவர் உட்கார்ந்துதான் இருக்கிறார், ஆனால் இந்த வரையறைக்குள் அநேகமாக வரமாட்டார். பூக்கட்டுபவர் வருவார், அவர் கால் சும்மா கிடக்கிறது.

ஏன் தொடை

நின்றால் தொடை செங்குத்து, உட்கார்ந்தால் கிடை. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தாலே போதும். ஆராய்ச்சிகளில் புழங்கும் ஆக்டிவ்பால் கருவி இந்த முறையில்தான் இயங்குகிறது. 11 கிராம் எடையுள்ள ஆக்சிவிட்டி ஏஎக்ஸ்3-யையும் தொடையில் ஒட்டலாம். இடுப்பில் கட்டும் கருவி அசைவை நன்றாக எண்ணும், ஆனால் சும்மா நிற்பதையும் உட்கார்ந்திருப்பதையும் பிரிக்கத் திணறும். செல்போன் பயன்படாது, அது பாதி நேரம் அலமாரியில் கிடக்கும்.

விலைக்கு வாங்க வழியில்லாத இடத்தில் ஏடிஎக்ஸ்எல்345 என்ற மூவச்சு முடுக்கமானி (அசைவையும் சாய்வையும் அளக்கும் சில்லு), சிறிய மைக்ரோகன்ட்ரோலர், டிஎஸ்3231 கடிகாரச் சில்லு, மைக்ரோ எஸ்டி கார்டு, 150 மில்லியாம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, செல்போனில் இருப்பதுபோன்ற நாணய வடிவ அதிர்வு மோட்டார் இவற்றை வைத்துச் செய்துகொள்ளலாம். வினாடிக்கு 20 முறை அளந்தால் ஓர் அளவுக்கு மூன்று அச்சு, அச்சுக்கு 2 பைட், ஆக நாளொன்றுக்கு 10.4 மெகாபைட். ஐந்து வினாடிச் சராசரியை மட்டும் வைத்தால் ஒரு லட்சம் பைட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தோரணைக்கு ஐந்து வினாடிச் சராசரி தாராளம், அடி எண்ண மட்டும் முழுத் தரவு வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. முதலாவது, யூஎஸ்பி வாயோடு வரும் ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் பயிற்சிப் பலகையை அப்படியே கட்டுவது. சில்லு தூங்கினாலும் பலகையிலுள்ள விளக்கும் மின்னழுத்த சீராக்கியும் தூங்குவதில்லை. 10 மில்லியாம்பியர் கசிந்தால் இந்தப் பேட்டரி 15 மணி நேரத்தில் காலி. வெறும் மாட்யூலைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, கடைகளில் கிடைக்கும் நீல நிற டிஎஸ்3231 பலகை. அதில் நாணய பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டயோடும் ரெசிஸ்டரும் இருக்கின்றன. சார்ஜ் ஏற்றக்கூடாத சிஆர்2032-ஐ அதில் செருகினால் நாளடைவில் உப்பும், கசியும். தொடையில் கட்டப்போகும் பொருள் என்பதால் அந்த ரெசிஸ்டரைக் கழற்றாமல் கட்டவே கூடாது. மூன்றாவது, கார்டில் எழுதும் நொடியில் மின்னோட்டம் திடீரென ஏறும். பேட்டரி இறங்கியிருந்தால் கருவி அணைந்து, திறந்திருந்த கோப்பு முழுதும் போய்விடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக எழுதி, உடனே கோப்பை மூடிவிட வேண்டும்.

குத்துக்கால் சிக்கல்

நாற்காலி நாட்டு ஆய்வுகளைப் படித்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

கருவியின் மேல் ஓர் அம்புக்குறி போட்டு, அது இடுப்பைப் பார்க்கும்படி வலது தொடை முன்பக்கம் நடுவில் கட்டுகிறோம். நின்றால் தொடை நெடுக்கு அச்சில் +1 ஜி (ஜி என்பது புவியீர்ப்பின் அளவு). நாற்காலியில் உட்கார்ந்தால் 0 அருகே. தரையில் சம்மணமிட்டாலும் 0 அருகே. குத்துக்காலிட்டுப் பிருஷ்டம் தரையில் படிய உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடும், அளவு −0.7 முதல் −0.9 வரை இறங்கும். நிரல் எழுதுபவர் குறியைப் பார்க்காமல் எண்ணின் அளவை மட்டும் எடுத்தால் 0.9 என்று வரும். கருவி 'நிற்கிறார்' என்று எழுதிவிடும். சுவரில் சாய்ந்து வெற்றிலை போட்டபடி ஒரு மணி நேரம் இருந்தது நின்ற கணக்கில் சேரும். நம் ஊர்த் தரவில் நிற்கும் நேரம் சந்தேகப்படும்படி அதிகமாக வந்தால் முதலில் இதைப் பார்க்கவும்.

கருவியைத் தலைகீழாகக் கட்டிவிட்டால் நிலைமை நேர்மாறாகும். அதனால் ஒவ்வொரு முறை கட்டியதும் 10 வினாடி நிற்க வைத்து, 10 வினாடி உட்கார வைத்து அதன் பிறகே விட வேண்டும். பின்னால் வரைபடத்தில் அந்த 20 வினாடியைப் பார்த்தாலே திசை தெரிந்துவிடும்.

அடுத்தது திண்ணை. உயரமான திண்ணை ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரும்போது தொடை முழுக்கக் கிடையாக இருக்காது, சரியும். இவருக்கு அது 0.55 வரை வந்தது. குனிந்து விளக்குமாற்றால் பெருக்கும்போது 0.85-க்குக் கீழே போகவில்லை. ஆகவே நிற்பதிலிருந்து உட்கார்வதற்கு மாற 0.65-க்குக் கீழும், உட்கார்வதிலிருந்து நிற்பதற்கு மாற 0.80-க்கு மேலும் போய், 10 வினாடி அங்கேயே இருக்க வேண்டும் என்று வைத்தோம். ஒரே கோடு போட்டிருந்தால், பூக்கூடைக்கு நீட்டி எட்டும் ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்ததாக எண்ணியிருக்கும். இந்த எண்களை வேறொரு வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. அந்த வீட்டுத் திண்ணை, மனைப்பலகை, கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் உட்கார வைத்துத்தான் கோடு போட வேண்டும்.

கோலம் போடக் குந்துவதையும் கருவி உட்கார்வதாகவே எழுதும். அது நியாயமில்லை. தான்சானியாவின் ஹட்சா மக்களைப் பற்றி 2020-இல் வந்த ஆய்வில், அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் ஓய்வில் இருந்தாலும், அதில் ஒரு பங்கு குந்தியும் மண்டியிட்டும் கழிவதால் கால் தசை நாற்காலியில் இருப்பதைவிடக் கூடுதலாக வேலை செய்வது தெரிந்தது. தொடைக் கருவி மட்டும் வைத்துக் குந்தலைப் பிரிக்க முடியாது. மருமகள் தினக் காலண்டர் தாளில் குறித்த நேரத்தைக் கொண்டு கழித்தோம். மதியம் பாயில் படுத்த நேரமும் அப்படியே.

கட்டுவது

காவிரிப் படுகையின் புழுக்கத்தில் ஒட்டும் பிளாஸ்டர் இரண்டாம் நாள் ஓரம் பெயரும். வயதானவர் தோல் மெலிது, இழுத்துப் பிய்த்தால் தோலும் வரும். ஒட்டுவதானால் கருவியை விரலுறையில் போட்டு, மேலே ஒளி ஊடுருவும் டிரஸ்ஸிங் ஒட்டி, மூன்று நாளுக்கொருமுறை இடம் மாற்றி, எடுக்கும்போது நனைத்துச் சுருட்டி எடுக்க வேண்டும். இவருக்கு பனியன் துணியில் பை தைத்து, 5 செ.மீ. அகல வெல்க்ரோ பட்டையில் கட்டினோம். உள்பாவாடைக்குள் வெளியே தெரியாது. இறுக்கம் இரண்டு விரல் நுழையும் அளவு. அதற்கு மேல் இறுக்கினால் கால் வீங்கும், தளர்த்தினால் பட்டை சுழன்று கருவி தொடையின் பக்கவாட்டுக்குப் போய்விடும். நெடுக்கு அச்சு மாறாததால் உட்கார்ந்தாரா நின்றாரா என்பது கெடாது, ஆனால் ஒருக்களித்துப் படுத்ததைக் கண்டுபிடிக்கும் கணக்கு கெடும். மாற்றுப் பட்டை ஒன்று கட்டாயம், வியர்வையில் நாறும் பட்டையை யாரும் நாலாம் நாள் கட்டமாட்டார்கள்.

முதல் வாரம் காட்டியது

ஏழு நாள் கட்டி, குறைந்தது 10 மணி விழிப்பு நேரம் பதிவான நாள்களை எடுப்பது வழக்கம். வார இறுதி ஒரு நாளாவது வேண்டும் என்பார்கள். இவருக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். அதற்குப் பதில் ஒரு வியாழனும் ஒரு முகூர்த்த முந்தைய நாளும் வரும்படி பார்த்துக்கொண்டோம்.

சராசரி நாளில் உட்கார்ந்தது 640 நிமிடம், நின்றது 285, நடந்தது 65. எழுந்தது 34 முறை. முப்பது நிமிடத்தைத் தாண்டி ஒரே மூச்சில் உட்கார்ந்தது நான்கு முறைதான்: காலைப் பூ 105, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 40, பிற்பகல் பூ 90, இரவு டிவி 105. கூட்டினால் 340. பாதிக்கு மேல் அந்த நாலு உட்காரலில் போய்விடுகிறது. மீதி 300 நிமிடம் 30 துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அதில் கைவைப்பது வீண் வேலை.

இந்த நீண்ட உட்காரல்களை உடைப்பதில் கவனம் வைத்ததற்குக் காரணம் உண்டு. 2012-இல் 45 முதல் 65 வயதுள்ள, எடை கூடியவர்களிடம் நடந்த சோதனையில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் மெல்ல நடந்ததற்கே, சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் உட்காரும் நேரத்தைக் குறைக்கச் சொல்கிறது, இத்தனை மணிதான் உச்சவரம்பு என்று எண் தரவில்லை. ஆகவே '8 மணிக்குள் கொண்டுவா' என்று ஒருவரை விரட்ட அடிப்படை இல்லை.

எழச் சொல்லுமுன்

மல்லாக்கப் படுக்க வைத்து 5 நிமிடம் கழித்து ரத்த அழுத்தம் 142/82. எழுந்து நின்ற 1-ஆவது நிமிடம் 128/78, 3-ஆவது நிமிடம் 132/80. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கியிருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் மாத்திரையைப் பேசியிருக்க வேண்டும். அடிக்கடி எழச் சொல்லும் கருவி அப்படிப்பட்டவருக்கு விழுவதற்கான அழைப்பு.

43 செ.மீ. உயர நாற்காலியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை எழுகிறார் என்று பார்த்ததில் 7. இந்த வயதுப் பெண்ணுக்கு 10-க்குக் கீழ் என்றால் விழும் அபாயக் குறி. ஆக, அவர் எழாததற்குக் காரணம் மறதி அல்ல. மனைப்பலகையிலிருந்து எழுவது வலிக்கிறது, அதனால் ஒரு தடவை உட்கார்ந்தால் வேலை முடியும்வரை எழுவதில்லை. கருவியின் எந்த எண்ணும் இதைச் சொல்லாது.

தோற்ற முதல் முறை

30 நிமிடம் உட்கார்ந்தால் மோட்டார் அதிரும்படி வைத்தோம். மூன்றாம் நாள் மாலை வந்த மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரிடம் அவர் சொன்னது:

"இந்தாம்மா, இது சோறு திங்கையில உறுமுது, சாமி கும்புடுறப்ப உறுமுது. நாரு பாதியில அவுந்துருச்சு. நீயே வச்சுக்க."

"எங்க பெரியம்மா வச்சீங்க அதை?"

"அரிசிப் பானையில."

பானையில் கிடந்த ஆறு மணி நேரத்தையும் கருவி இடைவிடாத உட்காரலாக எழுதியிருந்தது. கழற்றி வைத்ததைக் கண்டுபிடிக்க, 60 நிமிடம் முழுக்க மூன்று அச்சிலும் சிதறல் 13 மில்லி-ஜிக்குக் கீழே இருந்தால் 'உடம்பில் இல்லை' என்று கழிப்பது மணிக்கட்டுத் தரவில் புழங்கும் வழி. தொடைக்கும் அதை எடுத்து, காலண்டர்த் தாளோடு ஒப்பிட்டுக்கொண்டோம். இன்னொரு பிழையும் அப்போதுதான் தெரிந்தது. மோட்டார் அதிரும்போது முடுக்கமானியும் அதிர்ந்து, நாலைந்து அடி நடந்ததாக எழுதிக்கொள்கிறது. அதிர்வு தொடங்கி 5 வினாடித் தரவை ஒதுக்கினால் சரியாகிவிடும்.

நிலைத்த முறை

மோட்டாரைக் கழற்றினோம். நினைவூட்டலை அவர் வேலைக்குள்ளேயே வைத்தோம்.

பூவுக்கு அளவு முழம். அவர் கை வேகத்தில் அரை மணிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் 5 முழம் ஆகிறது. முன்பு கூடை முழுப் பூவும் பக்கத்தில் இருக்கும், தொடுத்த சரமும் பக்கத்திலேயே ஈரத்துணியில் சுருண்டு கிடக்கும். இப்போது 5 முழத்துக்கான பூ மட்டும் சின்னத் தட்டில். மீதிப் பூவும் சரம் வைக்கும் ஈரத்துணியும் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில், நின்றபடி எட்டும் மேடையில். சரம் வாடும் என்ற கவலை அவரை எழுப்பும், எந்த மோட்டாரும் அவ்வளவு உறுதியாக எழுப்பாது. போய்வர 3 நிமிடம்.

மனைப்பலகைக்குப் பதில் 45 செ.மீ. உயர மர முக்காலி, சுவரோடு ஒட்டி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கையூன்றி எழும்போது ஈரத் தரையில் பின்னால் வழுக்கும். எழுமுன் பாதத்தை 10 முறை மேலும் கீழும் ஆட்டுவது, எழுந்ததும் 10 எண்ணும்வரை தூணைப் பிடித்து நிற்பது. காலையும் மாலையும் முக்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார்வது, இரண்டு வாரத்துக்கொருமுறை 2 கூட்டுவது. திருப்பூர் மகள் தினமும் போனில் பேசும் 20 நிமிடத்தை முற்றத்தில் நின்றோ நடந்தோ பேசுவது. அரிவாள்மனையை விட்டு மேடையில் கத்தியால் நறுக்கச் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. வற்புறுத்தவில்லை, அது 15 நிமிட வேலைதான்.

எட்டாம் வாரம் திரும்பக் கட்டியதில் உட்கார்ந்தது 602, நின்றது 312, நடந்தது 76. எழுந்தது 40 முறை. உட்காரும் நேரம் 38 நிமிடம் குறைந்தது. பார்க்கச் சின்ன எண். ஆனால் 2024-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 60 முதல் 89 வயதுள்ள 283 பேரிடம், தொலைபேசிப் பயிற்சி, நின்று வேலை செய்யும் மேசை, கைப்பட்டை எல்லாம் கொடுத்து 6 மாதம் நடத்திய சோதனையிலும் ஒப்பீட்டுக் குழுவைவிட அரை மணியைச் சற்றுத் தாண்டித்தான் குறைந்தது. அதற்கே ரத்த அழுத்தத்தின் மேல் எண் சுமார் 3.5 இறங்கியது. இரண்டு மணி நேரம் குறைத்ததாக யாராவது அறிக்கை கொடுத்தால் பட்டை தலைகீழாகக் கட்டியிருந்ததா என்று கேட்கலாம்.

இவரிடம் பெரிதாக மாறியது நீண்ட உட்காரல்தான்: 340 நிமிடம் 180 ஆனது, நான்கு முறை மூன்றானது. நாற்காலி எழுதல் 7-லிருந்து 9. இன்னும் 10-க்குக் கீழேதான்.

ஒரு எச்சரிக்கை. முதல் அளவை ஐப்பசி அடைமழையிலும் அடுத்ததைத் தையிலும் எடுத்தால், யாரும் எதுவும் செய்யாமலே உட்காரும் நேரம் குறையும். மழையில் முற்றமே நடக்க உதவாது, தையில் அறுவடையும் பொங்கலும் வீட்டையே எழுப்பிவிடும். மார்கழியில் கோலம் பெரிதாகும், சித்திரை வெயிலில் மதியம் அசைய முடியாது. இங்கே இரண்டு அளவும் ஆவணிக்கும் புரட்டாசி முடிவுக்கும் இடையில் எடுத்தவை. அடுத்தது மறு ஆவணியில்தான். நடுவில் கார்த்திகையில் ஒரு வாரம் கட்டுவது மழைக்காலச் சரிவைப் பார்க்க மட்டும், முன்னேற்றக் கணக்கில் சேராது.

டிவி முன் 105 நிமிடம் அப்படியே இருக்கிறது. தொடர் மாறும் 7:30, 8:00, 8:30 மணிக்கு எழலாம் என்று பேசிப் பார்த்தாயிற்று. அந்த நேரத்தில் மடியில் பேத்தி தூங்குகிறாள். பேத்தியைத் தொட்டிலில் போடும் பழக்கத்தை மருமகள் 7:30-க்கு மாற்றிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கார்த்திகை வாரத் தரவில் 7:30-க்கு ஒரு எழுதல் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்போம்.